பழைய லேப்டாப்பில் புதிய கேம் ஓடுமா?
கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் சிப் விவரங்கள் இருக்கும். ஸ்டீம் இணையக் கடையில் விளையாட்டின் பக்கத்திலுள்ள குறைந்தபட்சத் தேவையுடன் அவற்றை ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, எல்டன் ரிங் விளையாட்டு கேட்பது 12 ஜிபி ரேம், 3 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 60 ஜிபி காலி இடம்.

முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ்தான். ரேமைப் பல லேப்டாப்களில் கூட்டலாம், எஸ்எஸ்டி போடலாம். கிராஃபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. ‘இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ்’ மட்டுமே இருந்தால் இத்தகைய பெரிய விளையாட்டுகளுக்குப் பணம் செலவழிக்காமலிருப்பதே நல்லது. தேவைக்குச் சற்றே குறைகிறது என்றால் ஸ்டீமில் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம்: 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடி, வாங்கிய 14 நாள்களுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும்.