பந்தலைக் கண்டால் நடுங்கும் தோழி

கேள்வி: 2004-இல் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீவிபத்தில் உயிர் தப்பியவள் என் தோழி. இன்றும் பந்தலைக் கண்டாலே நடுங்குகிறாள். என் மகள் கல்யாணம் நெருங்குகிறது. தோழிக்கு எப்படித் துணை நிற்பது?
– வாசகி, திருவானைக்காவல்

பதில்: 2004 ஜனவரி 23 அன்று, கல்யாணச் சடங்குகளுக்கு நடுவே கீற்றுப் பந்தலில் பிடித்த தீ, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அங்கே இருந்தவர் இன்று நடுங்குவது பலவீனம் அல்ல. உயிராபத்து வேளையில் கண்ட காட்சி, புகை, கூச்சல் எல்லாவற்றையும் மூளை அபாய அறிகுறியாகப் பதிந்துகொள்கிறது. பிறகு ஹோமப் புகைகூட உடம்பைப் பதற வைக்கும்.

“மறந்துவிடு” என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று தோண்டவும் வேண்டாம். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு வருவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வருவதென்றால், முன்னதாகவே இருவரும் மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். வெளியேறும் வழிகளைக் காட்டுங்கள். வாசலருகே இடம் போடுங்கள். வராவிட்டால் மனத்தாங்கல் வேண்டாம். மணமக்களை அவர் வீட்டுக்கே அழைத்துப்போய் ஆசி வாங்கச் செய்யுங்கள்.

இத்தனை ஆண்டு நீடிக்கும் அச்சத்துக்கும் சிகிச்சை உண்டு. அந்த நினைவுகளைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சை பலருக்குப் பலன் தந்திருக்கிறது. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அவர் சம்மதித்தால், முதல் முறை நீங்களும் உடன் செல்லுங்கள்.