களம் அமைத்த வீரர்

ஒரு துறையில் வல்லவராதல் அரிது. அவ்வன்மை தம்மோடு மாயாதவாறு பிறரிடத்தும் அதனை வளரச் செய்தல் அதனினும் அரிது. ஆடிப் புகழ் பெற்ற வீரர் பலர். ஆட்டம் ஓய்ந்தபின் பிறர் ஆடுதற்குக் களம் அமைத்துத் தந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், சென்னை மாநகரம் ஈன்ற டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ஆவர்.

அவர் 1953ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இராபர்ட் அமிர்தராஜ். தாயார் மாகி அம்மையார். இளமையில் விஜய் நோயால் மெலிந்து, பல நாள் மருத்துவமனையில் கிடந்தார். அந்நாள்களில் தாயாரே வகுப்பறைக்குச் சென்று, பாடங்களைக் குறித்து வந்து மகனுக்குக் கற்பித்தார். உடல்நலம் கருதித் தொடங்கிய பந்தாட்டமே பின்னாளில் அவர்க்குத் தொழிலாயிற்று. தமையனார் ஆனந்தும் இளவல் அசோக்கும் அவ்வாட்டத்திலேயே சிறந்து விளங்கினர்.

1973ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியின் கால் இறுதியில், யான் கோடெஷ் என்னும் வீரரோடு விஜய் ஐந்து செட்டுகள் பொருதார். இறுதிச் செட்டில் 5-7 எனத் தோற்றார். அவ்வாண்டு வாகை சூடியவர் அக்கோடெஷே. அதே ஆண்டு அமெரிக்கப் போட்டியில், பெருவீரர் ராட் லேவரை விஜய் வென்றார்.

மறு ஆண்டில் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. விஜய் ஆடிய இந்திய அணி, டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியை இரண்டாம் முறையாக எட்டுதற்குரிய வெற்றிகளை ஈட்டிற்று. ஆயினும் எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்நாட்டு அரசு கறுப்பின மக்களை ஒடுக்கி வந்த நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து, இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே எதிரணிக்குச் சென்றது. வெற்றியினும் அறம் பெரிது என்பதை அணியினர் இருபது வயதளவில் உணரலாயினர். 1987இல் விஜய் மீண்டும் இறுதிப் போட்டி கண்டார், அப்போதும் கோப்பை கிட்டவில்லை, சுவீடன் வென்றது.

கோப்பை கிட்டாதவர் கொடுத்தவை பல. 1985ஆம் ஆண்டு, பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு, சென்னையில் இளைஞர்க்கு டென்னிஸ் பயிற்சிப் பள்ளி ஒன்றை அவர் தோற்றுவித்தார். தாயார் அதற்குத் துணை நின்றார். கல்கத்தாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்த சிறுவருள் ஒருவர் லியாண்டர் பயஸ். அவர் 1990இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1952க்குப் பின் 44 ஆண்டுகள் கழித்து இந்தியர் ஒருவர் தனியே பெற்ற ஒலிம்பிக் பதக்கம் அஃதே.

டென்னிஸ் பெரும்பாலும் தனியொருவர் ஆடும் ஆட்டம். அதனை ஆடவரும் மகளிரும் ஒருங்கே ஆடும் குழு ஆட்டமாக அமெரிக்காவில் 1974 முதல் நடத்தியோருள் பில்லி ஜீன் கிங் அம்மையார் தலைசிறந்தவர். வீராங்கனையாகிய அவர் பிற்காலத்தில் பிலடெல்பியாக் குழுவின் உரிமையாளரும் ஆனார். விஜய்யும் அசோக்கும் அம்முறையில் லாஸ் ஏஞ்சலிஸ் குழுவுக்கு ஆடினர். 1978இல் அக்குழு வாகை சூடிற்று. கூலிக்கு ஆடிய விஜய், 2014இல் தாமே இந்தியாவில் சாம்பியன்ஸ் டென்னிஸ் லீக் என்னும் தொடரை நிறுவினார். ஆறு நகரங்களின் குழுக்கள் அதில் மோதின. உலகப் புகழ் பெற்ற மூத்த வீரரோடு இந்திய இளையோர்க்கும் குழுவில் இடமிருந்தது. அத்தொடர் ஈராண்டே நடைபெற்றது. பொருளை நம்பிய முயற்சி பொருள் வற்றினால் நின்றுவிடும். இளைஞர் உள்ளத்தில் ஊன்றிய வித்தோ நில்லாது வளரும்.

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் உள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழ்மன்றம் விஜய்யையும் பயஸையும் ஒரே விழாவில் ஏற்றது. மாணாக்கர் தம் ஆட்டத் திறத்துக்காகச் சிறப்புப் பெற்றார். ஆசிரியர் ஆட்டத்துக்கு ஆற்றிய தொண்டுக்காகச் சிறப்புப் பெற்றார்.

மாணவர்களே! திறமை எல்லா ஊரிலும் பிறக்கும். களம் எல்லா ஊரிலும் அமைவதில்லை. மாதவரத்திலும் எண்ணூரிலும் ஆலைச் சுவர்களுக்கிடையே பந்தாடும் சிறுவருள்ளும் வல்லவர் இருத்தல் கூடும். அவர்க்குக் களம் அமைத்துத் தருவோர் வேண்டும். நீவிர் எத்துறையில் உயரினும், உயர்ந்தபின் பின்வருவோர்க்கு வழி திறந்துவைத்தல் உம் கடமையாகும்.