அது சாரை, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பென்னாகரம் ரோட்டுப் புது வீட்டிலிருந்து ‘நல்ல பாம்பை அடிச்சிட்டேன் பெரியப்பா’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாய். அதைப் பெரிதாக்கிப் பார். பெரிய கண். உதட்டில் மை இழுத்தாற்போல் கறுப்பு வரிகள். அது சாரை, கண்ணு. விஷமே கிடையாது. உன் வீட்டு எலியைக் கூலி கேட்காமல் பிடித்துக்கொண்டிருந்த ஜீவன்.

உன் மனை முன்பு ராகிக் கொல்லையாக இருந்தது. எலி அங்கே பழைய குடி. நீயும் கோழித் தீவனத்தைத் திறந்த சாக்கில் வைத்திருக்கிறாய். சுவரோரம் மிச்சச் செங்கலைக் குவித்திருக்கிறாய். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அடுத்து வருவதும் சாரையாகவே இருக்கும் என்று யார் கண்டது? பினாயில், பூண்டுத் தண்ணீர் எல்லாம் வீண். தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் கொட்டு. கதவடிச் சந்தை அடை. சாக்கடைக் குழாய் வாய்க்கு வலை கட்டு. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய். பாம்பைக் கொல்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

நான் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. உன் சின்னத்தாத்தா களத்தில் ராகிக் கதிருக்குக் காவல் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிற்றுவலி என்றார். பாட்டி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். உடம்பில் கடிவாய் எங்கும் தெரியவில்லை. சற்று நேரத்தில், “இமையைத் தூக்க முடியலையே” என்றார். வண்டி கட்டுவதற்குள் மூச்சு நின்றது. இரவில் ஊர்ந்து, தூங்குகிறவரைக் கடிப்பது கட்டுவிரியனின் வழக்கம். வலியும் பெரிதாக இருக்காது. பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்காதே. கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகு. இருட்டில் டார்ச் இல்லாமல் வாசலில் கால் வைக்காதே.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதே, கீறாதே, மந்திரக்காரரைத் தேடாதே. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடு. நேரே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பாம்பை அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள், 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். விஷம் எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி விரியனையே உயிரோடு விடுகிறார்கள், கண்ணு.

செங்கல் குவியலுக்குள் கையை விடாதே. ஞாயிற்றுக்கிழமை பூட்ஸும் கடப்பாரையுமாக வருகிறேன். இருவரும் சேர்ந்து புரட்டுவோம்.

இப்படிக்கு,
பெரியப்பா