ஃபைட்டர் மீனைக் கொல்வது திருஷ்டி அல்ல

வரவேற்பறை மேசையில் இருந்த ஃபைட்டர் மீன் ஒரு நாள் காலையில் செத்து மிதந்தால், புதுச்சேரி வீடுகளில் பெரியவர்கள் உடனே ஒரு சமாதானம் சொல்லிவிடுவார்கள்: “வீட்டுக்கு வர இருந்த திருஷ்டியை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு.” பிள்ளையின் அழுகை நிற்க அது உதவும். அடுத்த வாரம் அதே பாட்டிலுக்கு இன்னொரு மீன் வரும். இரண்டு மூன்று மாதத்தில் அதுவும் இன்னொரு திருஷ்டியைச் சுமந்துகொண்டு கிளம்பும். வருடத்துக்கு நாலைந்து திருஷ்டி விழுகிற வீட்டில் முதலில் சோதிக்க வேண்டியது பாட்டில் தண்ணீரைத்தான்.

ஃபைட்டரின் ஆயுளே சில மாதம்தான் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஒழுங்காக வைத்தால் அது 2 முதல் 4 ஆண்டு வரை இருக்கும். வாலும் நிறமும் முழுதாக வந்த பிறகுதான் ஆண் மீனைக் கடையில் விற்பனைக்கு வைப்பார்கள், ஆகவே வாங்கும்போதே அதற்குப் பல மாத வயது ஆகியிருக்கும். அதைக் கழித்தாலும் ஒன்றரை வருடமாவது வீட்டில் நீந்த வேண்டிய உயிர் அது.

பிறகு ஏன் சாகிறது? அதைவிட, ஏன் உடனே சாகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்பதுதான் சுவையான கேள்வி. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் பெரும்பாலான தொட்டி மீன்கள் ஓரிரவில் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஃபைட்டருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால், இரத்தக் குழாய்கள் அடர்ந்த அந்த மடிப்புகள் காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன் அடிக்கடி மேலே வருவதைப் பார்த்து “மூச்சுத் திணறுது” என்று பதறுகிறவர்கள் உண்டு, அது அதன் வழக்கமான சுவாசம். மேலே வர முடியாமல் தடுத்தால்தான் நல்ல தண்ணீரிலும் திணறிப்போகும். பாட்டிலை வாய்வரை நிரப்பி இறுக மூடுவது இதனால்தான் ஆபத்து.

இந்த வித்தை புதுச்சேரிக்குப் புதிதல்ல. ஃபைட்டரின் குடும்பத்தைச் சேர்ந்த, விரல் நீளச் சிறு மீன் ஒன்று நம் வயல்களிலும் வாய்க்கால்களிலும் உண்டு. அதற்கும் காற்றுச் சுவாசம்தான், அதன் ஆணும் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். 1831-ல் பாரிஸில் வெளியான குவியே, வாலன்சியென் இருவரின் மீனியல் பெருநூலின் ஏழாம் தொகுதியில் அது விவரிக்கப்பட்டது. விவரிக்கப்பட்ட மீன் கிடைத்த இடம், அரிக்கமேட்டைத் தொட்டு ஓடும் நம் அரியாங்குப்பம் ஆறு. ஆற்றின் பெயரையே ஒட்டி அதற்குக் ‘குபானஸ்’ என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1791-ல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் பனைமரத்தில் ஒரு மீனைக் கண்டதாக எழுதினார். அது பனையேறிக் கெண்டை, காற்றைச் சுவாசிக்கும் இன்னொரு உறவுக்காரன். மரத்தில் அது தானே ஏறியதா, பறவை கொத்திப் போட்டதா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஈரத் தரையில் அது நகர்ந்து போவதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஃபைட்டரின் தாயகம் தாய்லாந்தும் அதைச் சுற்றிய நாடுகளும். 2019-ல் தாய்லாந்து அரசு அதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காகவே அறிவித்தது. அங்கே அது மாட்டுக் குளம்புத் தடத்துத் தண்ணீரில் வாழ்கிறது என்ற கதைதான், ‘ஃபைட்டருக்குப் பாட்டில் போதும்’ என்பதற்குச் சொல்லப்படும் பெரிய ஆதாரம். பாதி உண்மை. அது வாழ்வது நெல்வயல், சதுப்பு, வாய்க்கால். ஆழம் குறைவுதான், ஆனால் பரப்பு விரிந்து கிடக்கும். செடி இருக்கும், மண் இருக்கும், கழிவைத் தின்னும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். கோடையில் வயல் வற்றும்போது சிறு குட்டையில் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர் இரண்டு நாள் கூரைமேல் இருந்தார் என்பதற்காக, அவருக்கு வீடே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

“கடையிலேயே பாட்டிலில்தானே வைத்திருக்கிறார்கள்?” என்று அடுத்த கேள்வி வரும். நியாயமானதுதான். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரானாலும் உள்ளூர்க் கடையானாலும், ஆண் ஃபைட்டர்கள் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்பதால் தனித்தனியாகத்தான் வைப்பார்கள். நல்ல வளர்ப்பாளர் அந்தப் பாட்டில்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தண்ணீரை மாற்றிவிடுவார். அது விற்பனை வரைக்குமான ஏற்பாடு. வாங்கிவந்தவர் பாட்டிலை மட்டும் பின்பற்றுகிறார், தண்ணீர் மாற்றுவதை விட்டுவிடுகிறார்.

விஷயம் அம்மோனியாவில் வந்து நிற்கிறது. மீன் தன் செவுள் வழியாக நாள் முழுவதும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், மிஞ்சிய தீனியும் எச்சமும் அழுகி அதைக் கூட்டும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்கு போலவே இருக்கும். ஆனால் செவுளையும் துடுப்பையும் அரித்துவிடும். காற்றைச் சுவாசிக்கும் வரம் இதற்கு எதிராக உதவாது. மூச்சு முட்டாததால் மீன் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது, நாமும் எல்லாம் சரியாக இருப்பதாக நம்புகிறோம்.

புதுச்சேரியில் இது இன்னும் கொஞ்சம் மோசம். தண்ணீரில் கரைந்த அம்மோனியா முழுதும் நஞ்சாக இருப்பதில்லை. எவ்வளவு பங்கு நஞ்சாக மாறும் என்பதைச் சூடும் பிஎச் அளவும் தீர்மானிக்கும். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் 6 விழுக்காட்டைத் தாண்டிவிடும், ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இங்கே வெயிலுக்குக் குறைவில்லை, போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்பும் காரமுமாக இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு இங்கே பாட்டிலில் வளர்ப்பவர் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

அதனால் அளவு முக்கியம். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 அகலமும் 20 உயரமும் தண்ணீர் நிற்கும் தொட்டி 12 லிட்டர் பிடிக்கும். அரை லிட்டர் பாட்டிலில் சேரும் அதே கழிவு இதில் 24-ல் ஒரு பங்காக நீர்த்துவிடும். ஒரு ஃபைட்டருக்கு இதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம், 20 லிட்டர் கிடைத்தால் இன்னும் நிம்மதி. மேசையில் இடம் இல்லை என்பவர் மீன் வாங்காமல் இருப்பது நல்லது.

‘காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கு ஃபில்டர் எதற்கு?’ என்பது அடுத்தது. ஃபில்டரின் வேலை காற்றுக் குமிழி விடுவது மட்டுமல்ல. ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தக் கூட்டம் உருவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தெரிந்தவர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சை வாங்கிவந்து போட்டால் சீக்கிரம் ஆகும். நீண்ட துடுப்புள்ள மீன் வேகமான ஓட்டத்தில் தவிக்கும் என்பதால் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாக ஓட விடுவதே சரி. மின்சாரம் ஒன்றிரண்டு மணி நேரம் போனால் பயமில்லை, அந்த நேரத்தில் மட்டும் காற்றுச் சுவாசம் கைகொடுக்கும்.

இப்படி வளர்ந்த பாக்டீரியாவை நம் வீட்டுச் சுத்தம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொன்றுவிடுகிறது. தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்து, சிலர் சோப்பே போட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு ஊற்றினால் போதும். ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துகொள்ளலாம்.

ஊற்றும் தண்ணீர் எது? புதுச்சேரிக் குழாய்த் தண்ணீருக்கு ஒரு சரித்திரமே உண்டு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. இன்றும் நகரத்தின் தாகம் தீர்ப்பது நிலத்தடி நீர்தான், இப்போது அதில் குளோரின் சேர்கிறது. அபார்ட்மென்ட் தொட்டி கழுவிய நாளில் பிளீச்சிங் பவுடர் வாடையும் வரும். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும், அவசரம் என்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சில துளி விடலாம்.

இதற்கெல்லாம் பயந்து கேன் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நமக்கு நல்லது மீனுக்கும் நல்லதுதானே என்ற அன்பு. கேன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் தாது உப்புகளில் பெரும்பகுதியை எடுத்துவிடும். பிஎச் அளவைத் தாங்கிப் பிடிப்பது அந்த உப்புகளில் சிலதான். அவை இல்லாத தண்ணீரில் பிஎச் திடுதிப்பென்று இறங்கும். உவர்ப்பு அதிகமான வீட்டில் பாதிக்குப் பாதி கலக்கலாம், முழுதும் கேன் தண்ணீர் வேண்டாம்.

தீனியில் ஒரே குறிப்பு போதும்: ஃபைட்டர் பூச்சி தின்னி. மணிபிளான்ட் வேரைத் தின்று வாழும் என்று பூச்சாடியில் அடைப்பதும், கோயில் குளத்துக் கெண்டைக்குப் போடுகிற பொரியை இதற்குப் போடுவதும் பட்டினி போடுவதற்குச் சமம். பெல்லட் என்றால் வேளைக்கு இரண்டு மூன்று, நாளைக்கு இரண்டு வேளை. கடைகளில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோயையும் சேர்த்துக் கொண்டுவரலாம்.

மருந்துப் பெட்டிக்கு வருவோம். தெருவோரங்களில் நிற்கும் பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஃபைட்டருக்குச் சகல நோய் நிவாரணி என்கிறார்கள். அந்த இலையிலிருந்து இறங்கும் டானின் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், கிருமிகளின் பெருக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உண்மை அவ்வளவுதான். நம் ஊரின் கடினமான தண்ணீரில் அது பிஎச்சைப் பெரிதாகக் குறைப்பதில்லை. தானாக உதிர்ந்து காய்ந்ததாக, சாலைத் தூசியும் பூச்சி மருந்தும் படாததாகப் பார்த்துக் கழுவிப் போடலாம். மஞ்சள் தூள் வேண்டவே வேண்டாம், அது கரையாமல் அடியில் படிந்து அழுகும். மரக்காணத்துக் கல் உப்பு சில வெளிநோய்களுக்குச் சில நாள் உதவும், லிட்டருக்கு 1 கிராம் அளவில். எப்போதும் தொட்டியில் உப்பு இருக்கட்டும் என்று வாராவாரம் போடுவது தவறு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, செறிவு ஏறிக்கொண்டே போகும். வால் நுனி கறுத்துக் கிழிவதற்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். பாதிக்கு மேற்பட்ட சமயம் கடைசி மருந்தும் அதுவே.

ஹீட்டர்? 24 முதல் 30 டிகிரி வரை ஃபைட்டருக்கு ஒத்துவரும். மார்கழி, தை இரவுகளைத் தவிர இங்கே அது தேவைப்படுவதில்லை. ஆனால் ஏசி அறை வேறு. நாள் முழுதும் 22 டிகிரியில் ஓடும் அலுவலக மேசையில் மீன் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால் அது ‘அமைதியான மீன்’ அல்ல, குளிரில் விறைத்த மீன். கோடையில் ஜன்னலோரச் சிறு தொட்டி மறுகோடிக்குப் போய் 32 டிகிரியைத் தாண்டும். ஐஸ் கட்டி போட்டு அதிர வைக்காமல், தொட்டியை வெயிலிலிருந்து நகர்த்தி மேல்பரப்பில் மின்விசிறிக் காற்று படச் செய்தால் போதும்.

நுரைக்கூடு கட்டினால் மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. வயது வந்த ஆணின் இயல்பு அது, மோசமான தண்ணீரிலும் கட்டும். தினமும் கண்ணாடி காட்டிச் சீற வைப்பது பிள்ளைகளுக்குத்தான் விளையாட்டு. பெண் ஃபைட்டர் சாது என்று நாலைந்தைச் சிறு தொட்டியில் விட்டவர்கள் துண்டான துடுப்புகளை எண்ணியிருப்பார்கள். மூடி இல்லாத தொட்டியிலிருந்து இது குதிக்கும் என்பது மட்டும் வதந்தி இல்லை. காற்று நுழையும் இடைவெளியோடு ஒரு மூடி போட வேண்டும்.

கடைசியாகக் கொசு. ஃபைட்டர் கொசுப்புழுவை விரும்பித் தின்னும், அது சத்தான உணவும்கூட. அதற்காக மாடியில் வாளித் தண்ணீரில் புழு வளர்ப்பது ஆபத்தான சிக்கனம். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாள் போதும், நாலு புழு கவனத்தைத் தப்பினால் டெங்கு பக்கத்து வீட்டுக்கும் போகும். வளர்க்கப் பிடிக்காமல் போன ஃபைட்டரைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ விட்டால் கொசு ஒழியும் என்று நினைப்பதும் சரியல்ல. கிணறுகளில் விடுவதற்குக் கம்பூசியா, கப்பி மீன்களைத்தான் இந்தியாவில் சுகாதாரத் துறையினர் பயன்படுத்திவந்திருக்கிறார்கள், அவை எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதே தனி விவாதம். வெளிநாட்டு ஃபைட்டர் அரியாங்குப்பம் ஆற்றில் இறங்கினால் அங்கே அதே இடத்தையும் அதே உணவையும் நம்பியிருக்கும் உள்ளூர் உறவுக்காரனோடுதான் போட்டி. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ கொடுத்துவிடலாம்.