ஆறு எண்கள்

மும்பையில் தாராவி என்ற பகுதி உள்ளது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. விடியும் முன்பே இட்லி அவித்து, நகரத்துக்குள் கொண்டுபோய் விற்பவர்கள் பலர். அப்படி ஒரு அக்காவின் கதை இது.

அக்காவிடம் செல்போன் இருக்கிறது. அதில் வாட்ஸ்அப் உண்டு. நாளைக்கு எத்தனை இட்லி வேண்டும் என்று கடைக்காரர்கள் அதில்தான் சொல்வார்கள்.

ஒருநாள் மகளிர் குழுத் தோழியிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, எனக்கு வரவேண்டிய 6 எண்கள் தவறி உங்கள் போனுக்கு வந்துவிட்டன. அனுப்புங்கள்."

பார்த்தால், 6 எண்கள் வந்திருந்தன. அக்கா அனுப்பினார். சற்று நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் நின்றுவிட்டது.

மாலையில் ஊரிலிருந்து தங்கை பேசினாள்.

"அக்கா, அவசரம்னு 5000 ரூபாய் கேட்டியே. அனுப்பிட்டேன். வந்துதா?"

"நான் எப்படீ கேட்டேன்?"

என்ன நடந்தது? செய்தி அனுப்பியவள் தோழி அல்ல. அவளுடைய கணக்கும் முன்பே திருடு போயிருந்தது. திருடன் தன் போனில் அக்காவின் எண்ணைப் போட்டான். எண்ணுக்கு உரியவர்தானா என்று அறிய, வாட்ஸ்அப் அக்காவின் போனுக்கு 6 எண்களை அனுப்பியது. அதுதான் சாவி. அடுத்தவருடைய சாவி தவறி நம் போனுக்கு வராது. "யாருக்கும் சொல்லாதீர்கள்" என்றும் அதில் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா படிப்பது தமிழ்.

பக்கத்து வீட்டுத் தம்பி கல்லூரியில் படிப்பவன். அவன் அக்காவின் போனில் மறுபடி வாட்ஸ்அப்பைத் திறந்தான். அக்காவின் எண்ணைப் போட்டான். புதிதாக 6 எண்கள் வந்தன. அவற்றைப் போட்டதும் கணக்கு திரும்பி வந்தது. திருடன் போனில் அது மூடிக்கொண்டது.

தங்கை உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசினாள். இணையத்தில் பணம் பறிபோனால் புகார் சொல்ல அரசு வைத்திருக்கும் எண் அது. நாடு முழுவதும் இதே எண்தான். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்தப் பார்ப்பார்கள். தங்கையின் பணத்தில் 2000 ரூபாய் அப்படி நின்றது. 3000 போய்விட்டது.

அக்கா தெரிந்தவர்களை எல்லாம் போனில் கூப்பிட்டார். "என் பேரில் பணம் கேட்டால் கொடுக்காதீங்க" என்றார். தோழிக்கும் விவரம் சொன்னார்.

பிறகு தம்பி இன்னொரு பூட்டும் போடச் சொன்னான். வாட்ஸ்அப்பில் 'அமைப்புகள்' என்ற இடம் உண்டு. அதற்குள் 'கணக்கு'. அதற்குள் 'இரண்டு படிச் சரிபார்ப்பு'. அங்கே நாமே 6 எண்களை வைத்துக்கொள்ளலாம். வந்த எண்கள் திருடனுக்குத் தெரிந்தாலும், இவையும் தெரியாமல் அவனால் கணக்கைத் திறக்க முடியாது. பிறந்த தேதியையோ 123456 என்றோ வைக்கக் கூடாது. எவரும் ஊகித்துவிடுவார்கள்.

பரிசு விழுந்தது, இலவச ரீசார்ஜ் என்றும் செய்திகள் வரும். அவற்றில் உள்ள இணைப்பைத் தொடவேண்டாம். அனுப்பிய எண்ணைத் தடை செய்துவிடலாம்.

அக்கா திரும்பி உட்கார்ந்து 6 எண்களைப் போட்டார்.

"என்ன எண் வைச்சீங்கக்கா?" என்றான் தம்பி.

"அதை உன்கிட்டயும் சொல்லக் கூடாதே!" என்றார் அக்கா.