வென்றவரைப் பின்பற்றினால் போதுமா?

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தார் 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் யூடியூப் ஒளிபரப்பைத் தொடங்கினர். 2021-இல் அதன் சந்தாதாரர் ஒரு கோடியை எட்டினர். இதனைக் கண்டு, வல்லம் வடகால் சிப்காட் தொழிற்சாலையில் பணியாற்றும் இளைஞர், வேலையை விட்டுத் தாமும் தனியே அவ்வழியில் இறங்கலாமா?

1943-இல் அமெரிக்காவில் ஆபிரகாம் வால்டு என்னும் புள்ளியியல் அறிஞர், போரிலிருந்து மீண்ட விமானங்களின் சேதத்தை ஆராய்ந்தார். மீண்டவற்றின் எஞ்சினில் குண்டுத் துளை அரிதாயின், அங்கு அடிபட்டவை வீழ்ந்துவிட்டன என்பதே பொருள். மீண்டவற்றை மட்டும் எண்ணுவது பிழையன்றோ?

அவ்வாறே, அதே உழைப்புடன் முயன்று நின்றுபோனோர் நம் கண்ணில் படுவதில்லை. ஆதலின் வென்றோரிடம் தொழில்முறையைக் கற்போம். வெற்றிவாய்ப்பை அறியத் தோற்றோரையும் வினவுவோம். சம்பளம் வரும்போதே, ஓய்வு நேரத்தில், இழந்தாலும் குடும்பம் தாங்கும் சிறுதொகையைக் கொண்டு சோதித்துப் பார்த்தலே அறிவுடைமையாகும்.