காமிராவுக்கு ஏற்ற லென்ஸ் எது?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஊராட்சிப் பணிகளுக்கும் புகைப்படத்துக்கும் உள்ள தொடர்பு இன்று வளர்ந்துகொண்டே வருகிறது. ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளை இடக்குறியீட்டுடன் படமெடுக்கும் வழக்கம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதே ஆண்டில் ஆரம்பமான பிரதம மந்திரியின் ஊரக வீட்டுவசதித் திட்டத்திலும், வீடு எழும்பும் ஒவ்வொரு நிலையையும் படமெடுத்துக் காட்டிய பின்னரே அடுத்த தவணை வழங்கப்படும் ஏற்பாடு வந்தது. இவற்றுக்குக் கைப்பேசியே பயன்பட்டது. எனினும் கிராம சபையில் காட்டுவதற்கும், கோப்பில் நிலையாக வைப்பதற்கும், பயிர் நோயை வேளாண்மை அலுவலருக்குத் தெரிவிப்பதற்கும் நல்ல காமிரா ஒன்று இருந்தால் நலம் என்று பல ஊராட்சித் தலைவர்கள் கருதுகின்றனர். காமிரா வாங்கியதும் எழும் அடுத்த கேள்வி, எந்த லென்ஸ் வேண்டும் என்பதுதான்.

இக்கலையில் நான் தேர்ந்தவன் அல்லேன். இரண்டாண்டுகளாகக் கற்று வரும் மாணவனே. எனினும் தொடக்கத்தில் இருப்பவனுக்கு எழும் ஐயங்கள் தொடக்கத்தில் இருப்பவனுக்கே நன்கு தெரியும் ஆதலால், அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

லென்ஸின் மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது குவிய தூரம். மில்லி மீட்டரில் சொல்லப்படுவது. இந்த எண் சிறிதாயிருந்தால் லென்ஸ் பரந்த காட்சியைக் காணும். பெரிதாயிருந்தால் குறுகிய காட்சியைப் பெரிதாக்கிக் காணும். இதனை வாய்க்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். காமிராவுக்குள் பிலிம் இருந்த இடத்தில் இன்று இருக்கும் சென்ஸாரின் அகலத்தைக் குவிய தூரத்தால் வகுத்து, நாம் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். தொடக்க நிலைக் காமிராக்கள் பலவற்றில் சென்ஸார் ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமுடையது. 18 மி.மீ. லென்ஸை வைத்து 20 அடி தள்ளி நின்றால் ஏறத்தாழ 26 அடி அகலம் படத்தில் அடங்கும். அதே இடத்தில் 50 மி.மீ. லென்ஸில் 9 அடிக்குச் சற்று மேலும், 200 மி.மீ. லென்ஸில் 2¼ அடிக்குச் சற்று மேலும்தான் அடங்கும். பழைய பிலிம் அளவுக்குச் சமமான 36 மி.மீ. சென்ஸார் உள்ள உயர்ந்த விலைக் காமிராவானால், இவ்வகலங்கள் ஒன்றரை மடங்காகும். வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

நம் ஊர்த் தெருக்களில் இதன் பயன் உடனே விளங்கும். பத்தடி அகலமே உள்ள சந்தில் கட்டப்படும் வீட்டின் முகப்பு 20 அடி இருந்தால், எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் 18 மி.மீ. லென்ஸில் 13 அடிதான் தெரியும். அடித்தளமும் தெரிய வேண்டும், கூரையும் தெரிய வேண்டும் என்றால் 10 அல்லது 12 மி.மீ. அகலக் கோண லென்ஸ் வேண்டும். அல்லது சந்தின் ஓரத்துக்கு நகர்ந்து மூலையிலிருந்து சாய்வாக எடுக்க வேண்டும். முதல் வழிக்கு பல ஆயிரம் ரூபாய் செலவாகும். இரண்டாவது வழிக்கு ஏழெட்டு அடி நடந்தால் போதும். எங்கள் பகுதியில் கணவனை இழந்த ஓர் அம்மையாருக்குத் தளம் போட்ட பின்னும் தவணை நின்றிருந்தது. முகப்பிலிருந்து எடுத்த படத்தில் சுவரின் பாதி மட்டும் விழுந்து, தளம் விழாமற் போயிருந்ததே காரணம். மூலையிலிருந்து மறுபடி எடுத்த படத்தில் தளம் முழுவதும் தெரிந்தது. கடன் வாங்கிச் சிமெண்டு இறக்கியவருக்கு அந்தச் சில வாரத் தாமதம் எவ்வளவு பாரம் என்பதை உறுப்பினர்கள் அறிவர்.

ஆகவே எல்லா ஊராட்சிகளும் அகலக் கோண லென்ஸ் வாங்குதல் நன்று என்று கொள்ளலாகாது. அந்த லென்ஸில் ஒரு பெரிய வில்லங்கம் உண்டு. அருகில் இருப்பதை மிகப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதை மிகச் சிறிதாகவும் காட்டும் படங்கள் அதனால் பிறக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபையில், தூர் வாரப்பட்ட வாய்க்காலின் படம் திரையில் காட்டப்பட்டது. கரையோரத்தில் குனிந்து, நீரோட்டத்துக்கு மிக அருகிலிருந்து எடுத்த படம். வாய்க்கால் ஓர் ஆறு போல் விரிந்து கிடந்தது. முன் வரிசையிலிருந்த முதிய விவசாயி ஒருவர் எழுந்து, “ஐயா, இவ்வளவு அகல வாய்க்கால் நம்ம ஊரிலே எங்கே இருக்கிறது? சொன்னால் நாங்களும் போய்த் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வோம்” என்றார். சபை முழுதும் நகைத்தது. அளந்து பார்த்தபோது வாய்க்கால் மதிப்பீட்டில் கண்டபடி ஆறடி அகலத்துக்குச் சரியாகவே வெட்டப்பட்டிருந்தது. வேலை செய்தவர் மீது குற்றமில்லை. ஆனால் அந்தப் படத்தைக் கண்ட பிறகு, சரியான வேலையையும் ஊரார் சந்தேகக் கண்ணோடே பார்த்தனர்.

இந்த மயக்கத்தின் காரணத்தைச் சற்று விரிவாக அறிதல் அவசியம். பலர் இதனை லென்ஸின் குணம் என்பர். உண்மையில் இது நாம் நிற்கும் தூரத்தின் குணமே. ஒரே உயரமுள்ள இரண்டு தென்னைகள் நூறடி இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். முதல் மரத்துக்குப் பத்தடி அருகில் நின்றால், இரண்டாவது மரம் 110 அடியில் இருக்கும். படத்தில் அது பதினொன்றில் ஒரு பங்கு உயரமே தோன்றும். தொண்ணூறடி பின்னால் சென்று நின்றால், முதல் மரம் 100 அடியிலும் இரண்டாவது 200 அடியிலும் இருக்கும். இப்போது அது சரிபாதி உயரம் தோன்றும். அருகே நின்று அடக்குவதற்கு அகலக் கோண லென்ஸும், தொலைவில் நின்று பெரிதாக்குவதற்கு டெலிபோட்டோ லென்ஸும் நமக்கு வழி செய்கின்றன, அவ்வளவே. அகலக் கோணம் சிறிய பண்ணைக் குட்டையைப் பெரிய ஏரியாக்கும் என்றால், டெலிபோட்டோ இதற்கு நேர்மாறான மயக்கத்தைத் தரும். சாலையோரத்தில் முப்பதடிக்கு ஒன்றாக நட்ட கன்றுகள், தொலைவிலிருந்து சாலையின் நீளவாக்கில் எடுத்தால், ஒன்றோடொன்று நெருங்கி அடர்ந்த சோலை போல் தோன்றும். இரண்டும் பொய்ப்படம் அல்ல. இரண்டும் அளவைச் சொல்லவும் மாட்டா.

எனவே பணிப் பதிவுக்கான எந்தப் படத்திலும், அடிக்கணக்கு தெரியும்படி கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டிய ஓர் அளவுகோலை, வேலை நடந்த இடத்திலேயே நிறுத்தி எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளவுகோலை முன்னால் நட்டுக் குட்டையைப் பின்னால் எடுப்பதும் பயனற்றது. அளக்கப்படும் பொருளுக்குப் பக்கத்திலேயே, அதே தூரத்தில் அது நிற்க வேண்டும். ஒரு பணியின் முன், நடு, பின் ஆகிய மூன்று படங்களையும் ஒரே இடத்திலிருந்து ஒரே குவிய தூரத்தில் எடுத்தல் வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு பூசி வைத்தால் போதுமானது.

நீண்ட ஏரிக்கரையை ஒரே படத்தில் அடக்க முயல்வோர் உண்டு. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுக்களைப் படமெடுத்தார். அவர் ஒரே படத்தில் அதனை அடக்க முற்படவில்லை. பகுதி பகுதியாக எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச் சுருளாக ஆக்கினார். கரைக்கும் அதுவே முறை: கரைக்கு இணையாக நடந்துகொண்டே, ஒரே தூரத்தில் ஒரே லென்ஸால், ஒன்றன் ஓரம் மற்றதில் சிறிது படியும்படி எடுத்துச் செல்லலாம். ஒரே இடத்தில் நின்று கைப்பேசியைச் சுழற்றி எடுக்கும் அகலப்படத்தில் நேரான கரை வில் போல் வளைந்துவிடுகிறது.

இனி லென்ஸின் மேல் உள்ள இரண்டாவது எண். இது ஒளி புகும் துவாரத்தின் அளவைக் குறிப்பது. குவிய தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் ஆதலால், எண் சிறிதாக ஆகத் துவாரம் பெரிதாகும். காமிராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸில், நீண்ட முனையில் எப் 5.6 என்னும் அளவே பெரும்பாலும் கிடைக்கும். விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸிலோ எப் 1.8 கிடைக்கும். இரண்டுக்கும் ஒளியில் வேறுபாடு ஏறக்குறைய பத்து மடங்கு. விடியற்காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஒற்றை விளக்கில், முன்னதற்கு 1/10 வினாடி ஷட்டர் திறந்திருக்க வேண்டுமானால் பின்னதற்கு 1/100 வினாடி போதும். பத்தில் ஒரு வினாடிக்குள் பால் ஊற்றும் கையும் அசையும், படமெடுப்பவர் கையும் அசையும். மகளிர் குழுக் கூட்டம், இரவுப் பள்ளி, கோயில் மண்டபத்துச் சபை போன்றவற்றுக்கு இந்த 50 மி.மீ. லென்ஸைப் போல் குறைந்த விலையில் நிறைந்த பயன் தருவது வேறில்லை. ஆனால் துவாரத்தை முழுதும் திறந்தால் ஒருவர் முகம் தெளிவாகவும் பின்னிருப்பவர் மங்கலாகவும் விழும். வெயிலில் பாலமோ கட்டடமோ எடுக்கும்போது எப் 8 வரை சுருக்கிக்கொள்வது நல்லது.

விவசாய அன்பர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது மாக்ரோ லென்ஸ். 2018-இல் நம் நாட்டில் கண்டறியப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் கவிழ்த்து வைத்த ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெண்கோடும், உடலின் கடைப்பகுதிக்கு அருகில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அடையாளம். இவை படத்தில் தெரிந்தால் வேளாண்மை அலுவலர் அலுவலகத்திலிருந்தே மருந்து சொல்லக்கூடும். தெரியாவிட்டால் ‘ஏதோ ஒரு பச்சைப் புழு’ என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல இயலாது. அதற்குள் குருத்து போய்விடும். சாதாரண ஜூம் லென்ஸ் ஒரு பூச்சியை அதன் மெய்யளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே சென்ஸாரில் பதிக்கும். மாக்ரோ லென்ஸ் மெய்யளவிலேயே பதிக்கும். விலை அதிகம் என்பவர்கள், காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொருத்தும் கண்ணாடியில்லாத நீட்டுக் குழாயை வாங்கலாம். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். கைப்பேசியின் மேல் கவ்வி நிற்கும் உருப்பெருக்குக் கண்ணாடியும் இருக்கிறது. கைப்பேசியில் விரலால் விரித்துப் பெரிதாக்குவது மட்டும் பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருக்குவதே ஆகும். அதில் புதிய விவரம் ஏதும் சேர்வதில்லை.

டெலிபோட்டோ லென்ஸின் மேல் தொடக்கக்காரர் பலருக்கு மோகம் உண்டு. பறவை, யானை, எதிர்க்கரை ஆகியவற்றுக்கு அது வேண்டியதே. ஆனால் 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/200 வினாடிக்குக் குறையாத வேகமும், சிறிய சென்ஸார் உள்ள காமிராவானால் 1/300 வினாடியும் வேண்டும் என்பது பழைய வழக்கு. ஊராட்சிப் பணிக்கு இது கடைசியாக வாங்க வேண்டியது என்பேன். முதல் ஆறு மாதம் கூடவே வந்த ஜூம் லென்ஸையே பயன்படுத்துக. ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் எந்தக் குவிய தூரத்தில் எடுக்கப்பட்டது என்பது தானே பதிவாகியிருக்கும். அவற்றைக் கணினியில் எண்ணிப் பார்த்தால், நமக்கு எது குறை என்பது தெரிந்துவிடும். நான் எண்ணிப் பார்த்ததில் பாதிக்கு மேல் 18-இலேயே நின்றது. டெலிபோட்டோ வாங்கும் எண்ணம் அன்றோடு கலைந்தது.

பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் அது நம் காமிராவின் வாயில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். நிக்கான் 1959-இலும், கானன் 1987-இலும் கொண்டுவந்த பொருத்துவாய்கள் வேறு. 2018-இல் இவ்விரு நிறுவனங்களும் கொண்டுவந்தவை வேறு. பழைய லென்ஸை இடைவளையம் போட்டுப் புதிய காமிராவில் மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய காமிராவில் மாட்ட இயலாது. நிக்கானின் டி 3000, டி 5000 வரிசைக் காமிராக்களில், தனக்குள் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ் பொருந்தும். ஆனால் தானே குவியாது, கையால் திருப்ப வேண்டும். விளம்பரத்தில் ‘பொருந்தும்’ என்று மட்டுமே எழுதுவார்கள். லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறு பக்கத்திலிருந்து நோக்கினால், உள்ளே சிலந்தி நூல் போல் பூஞ்சை படர்ந்திருப்பது தெரியும். அத்தகையதை எவ்வளவு மலிவாயினும் தொடக்கூடாது. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டா என்பதையும் காண்க.

கடலோர வட்டாரங்களிலும், மழைக் காலத்தில் எங்குமே, பூஞ்சைதான் லென்ஸின் முதற் பகை. தோல் உறையில் போட்டு இரும்புப் பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதே அதனை வளர்க்கும் வழி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்து, அவை ஈரம் இழுத்து நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். தூசியை முதலில் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டே துணியால் துடைக்க வேண்டும். வேட்டி முனையால் துடைத்தால் புழுதி மணல் கண்ணாடியைக் கீறிவிடும். லென்ஸின் வளையத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை ஊராட்சியின் இருப்புப் பதிவேட்டில் காமிராவின் எண்ணோடு தனி வரியாக எழுதி, செயலர் மாறுதலாகும் நாளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பெற்றுக்கொள்க. காமிரா இருந்து லென்ஸ் மாறிப்போன பெட்டிகள் உண்டு.